வீடு விட்டு வெளியே தங்கும் நாட்களில்: மதுரையில் கைக்காசு குறைவாக இருக்கும்போது உடம்பைக் காப்பது எப்படி

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதால் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாய்க்கால் ஓரம் என்று வீடு இடிக்கப்பட்டு சொந்தக்காரர் வீட்டு மாடியில் ஒதுங்கியிருப்பவர்களுக்கும், பிழைப்புக்கு வந்து ஒற்றை அறையில் ஆறேழு பேராகப் படுத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2024 அக்டோபரில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி செல்லூர்ப் பக்கத் தெருக்களில் தண்ணீர் நின்றதை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை வரும் ஒவ்வொரு ஐப்பசியிலும் யாராவது சிலர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டித்தான் இருக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் கையில் இருக்கும் கொஞ்சப் பணம் எங்கே போகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வைத்தியம், மாத்திரை, தடுப்பூசி, பிள்ளைகளின் படிப்பு, அவர்களுடைய இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் இந்த ஊரில் காசில்லாமல் கிடைக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியவை வேறு: சோப்பு, மூடியுள்ள குடம், கொசுவலை, செருப்பு, ஒரு டார்ச் லைட். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றவும் ஊசி போடவும் தனியார் கிளினிக்கில் நூறு நூறாகக் கொடுத்துவிட்டு, சோப்பு வாங்கக் கணக்குப் பார்க்கிறார்கள். கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்தக் கணக்கை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

போய்ச் சேர்ந்த இடத்தில் யார் பெயர் எழுதுகிறார்கள் என்று கேட்டு, குடும்பத்தில் எல்லோர் பெயரையும் பதியுங்கள். முகாமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரோ மாநகராட்சி ஊழியரோ இருப்பார். அப்போதே வீட்டில் யார் கர்ப்பிணி, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வலிப்பு, யார் நடக்க முடியாதவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நாமாகச் சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாலும் அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, மாத்திரைச் சீட்டு ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு வாட்ஸப்பில் அனுப்பி வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தாலும் அது இருக்கும்.

போன் சார்ஜ் போய்விடலாம் என்பதால் சில எண்களைத் தாளில் எழுதி சட்டைப்பையிலும் சுருக்குப்பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. போலீஸ் உட்பட எந்த அவசரத்துக்கும் 112. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் 94987 94987. 108-க்குப் பேசும்போது தெருப் பெயரைவிட அடையாளம்தான் உதவும். எந்தக் கோயில் பக்கம், எந்த ரேஷன் கடைக்கு எதிரில் என்று சொல்லுங்கள். தெருவில் தண்ணீர் நின்றால் வண்டி உள்ளே வராது. நோயாளியைக் கட்டிலோடு மெயின் ரோட்டுக்குத் தூக்கி வர நாலு பேரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

இதற்குத்தான் அதிகக் கவனம் கொடுக்க வேண்டும். வீடு விட்டு வந்தவர்களைப் படுக்க வைப்பது பெரும்பாலும் வெள்ளம் இல்லை, அதற்குப் பின்னால் வரும் வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் டைபாய்டும்தான். மூன்றும் வாய் வழியாக வருபவை.

லாரித் தண்ணீரோ, குழாய்த் தண்ணீரோ, போர்த் தண்ணீரோ, குடிப்பதற்கு என்றால் காய்ச்சுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும், கால் மணி நேரம் கொதிக்கவிட்டு கேஸை வீணாக்க வேண்டாம். கலங்கலாக இருந்தால் முதலில் நாலாக மடித்த பழைய பருத்திச் சேலையில் வடிகட்டுங்கள். வடிகட்டுவது மண்ணையும் தூசியையும்தான் எடுக்கும், கிருமிக்குக் கொதிதான் வேண்டும். அடுப்பே இல்லை என்றால் சுகாதார ஆய்வாளரிடம் குளோரின் மாத்திரை கேளுங்கள். எத்தனை லிட்டருக்கு எத்தனை மாத்திரை என்று அட்டையில் இருக்கும், அந்தப்படி போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். அதுவும் கிடைக்காத இடத்தில் வெயில் இருந்தால் ஒரு வழி உண்டு. நிறமில்லாத, கீறல் இல்லாத 1 லிட்டர் அல்லது 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, மூடி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் கிடத்தி வைத்தால் குடிக்கத் தக்கதாகிவிடும். மேகமூட்டமாக இருந்தால் முழுதாக இரண்டு நாள் வைக்க வேண்டும். விடாமல் மழை பெய்யும் நாட்களில் இதை நம்பக் கூடாது. சாக்கடை கலந்த தண்ணீருக்கும் இது உதவாது.

காய்ச்சிய தண்ணீர் கெடுவது குடத்தில்தான். ஆளாளுக்குச் சொம்பை விட்டு மொண்டால் விரலும் உள்ளே போகும். குழாய் வைத்த டிரம் கிடைத்தால் அதுதான் சிறந்தது. இல்லையென்றால் குறுகிய வாய் உள்ள குடமும், மூடியும், நீளக் காம்புக் கரண்டியும் போதும். குழந்தைகள் கையெட்டாத உயரத்தில் வையுங்கள். கேன் தண்ணீருக்குத் தினமும் காசு கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் காசு அடுப்புக்கும் சோப்புக்கும் போகட்டும்.

கழிப்பறை போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும், சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முகாமில் ஒரு பழைய பாட்டிலைக் குழாயடியில் கட்டித் தொங்கவிட்டு, சோப்பு வில்லையை ஒரு வலைப்பையில் போட்டு அதன் பக்கத்தில் கட்டிவிட்டால் எல்லோரும் கழுவுவார்கள். முகாம்களுக்கு என்று உலக அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. உங்கள் இடத்தில் இது இல்லை என்றால் அதிகாரியிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ‘கழிப்பறை பத்தலை’ என்பதைவிட ‘இங்கே 120 பேர் இருக்கோம், ரெண்டு கழிப்பறைதான் இருக்கு’ என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கியவுடன் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அரிசிக் கஞ்சி, இளநீர், உப்புப் போட்ட மோர் எல்லாம் கூடவே கொடுக்கலாம். பேதி என்றால் வயிற்றைக் காயப் போட வேண்டும் என்ற பழக்கம் பிள்ளைகளுக்குக் கெடுதல். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழந்தைக்கு ஜிங்க் மாத்திரை தருவார்கள். பேதி நின்றுவிட்டாலும் 14 நாள் முழுதும் கொடுங்கள். கண் உள்ளே போயிருந்தால், பிள்ளை துவண்டு கிடந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

சாப்பாடு

தன்னார்வலர்கள் பொட்டலம் கொண்டு வந்து கொடுப்பார்கள். வந்த உடனே சாப்பிடுங்கள். காலையில் வந்த தேங்காய்ச் சட்னியையும் சாம்பார் சாதத்தையும் மதியத்துக்கு எடுத்து வைப்பது ஆபத்து. புளியோதரை, எலுமிச்சைச் சாதம் கொஞ்சம் தாங்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் நாற்றமோ பிசுபிசுப்போ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மீனாட்சியம்மன் கோயில், திருப்பரங்குன்றம் போன்ற கோயில்களில் அன்னதானம் உண்டு. ரேஷன் அட்டை வீட்டுப் பகுதிக் கடையில் இருந்தாலும் கைரேகை வைத்துத் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் அரிசி வாங்கலாம். வெளிமாநிலத்துத் தொழிலாளர்களுக்கும் அவர்களுடைய அட்டைக்கு அரிசியோ கோதுமையோ உண்டு. ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தாலோ, கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ இருந்தாலோ பக்கத்து அங்கன்வாடிக்குப் போங்கள். சத்துமாவு தருவார்கள்.

கைக்குழந்தைக்குப் பால்பவுடர் டப்பா நிவாரணமாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். சுத்தமான தண்ணீரும் பாட்டிலைக் கொதிக்க வைக்க வசதியும் இல்லாத இடத்தில் பால்பாட்டில்தான் பேதியைக் கொண்டு வருகிறது. அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது என்று தாய்மார்கள் சொல்வார்கள். அடிக்கடி பிள்ளையை மார்பில் போட்டால் திரும்பச் சுரக்கும். அவர்களுக்கு ஒரு மறைவான மூலையும், நேரத்துக்குச் சாப்பாடும், சுற்றி இருக்கிறவர்களின் ஆதரவும்தான் தேவை.

விட்டுப்போன மாத்திரைகள்

பிரஷர், சர்க்கரை, வலிப்பு, டிபி, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளும் இடைவெளி விடக் கூடாது. அட்டை தண்ணீரில் போய்விட்டாலும் காலி ஸ்ட்ரிப் கிடைத்தால் அதைக் கொண்டு போங்கள், பெயர் தெரிந்தால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள், இப்போது தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள நகர்ப்புற நலவாழ்வு மையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாங்கிக்கொள்ளலாம். டிபி மாத்திரையை நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத டிபியாக மாறிவிடும். நெருக்கமாகப் படுத்திருக்கும் இடத்தில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சோதனையும் மருந்தும் இலவசம்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஃபிரிட்ஜ் இல்லாததுதான் கவலை. புது மண்பானையில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, பாட்டிலை பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே வையுங்கள். ஈரத்துணியால் மூடி நிழலில் காற்றுப் படும்படி வைத்தால் மதுரை வெயிலிலும் ஓரளவு குளிர்ச்சி நிற்கும். பானையில் மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பெரிய வைத்தியத்துக்குக் கோரிப்பாளையத்தில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனைதான், பெரிய ஆஸ்பத்திரி என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டியிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் போய்வரச் செலவில்லை. கர்ப்பிணிகள் பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்ணை, தாளில் எழுதி வைத்திருந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் பழைய பரிசோதனை விவரத்தை எடுத்துவிடுவார்கள்.

காய்ச்சல்

மழை விட்ட பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் வரும். டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை எல்லாக் குடம், டிரம், டயர், தேங்காய்ச் சிரட்டையையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். அது கடிப்பது பகலில் என்பதால் தூளியில் தூங்கும் பிள்ளைக்குப் பகலிலும் வலை போடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். வலி மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். இன்னொன்று: டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். உடம்பு குளிர்ந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேங்கிய தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் புண் வழியாக உடம்புக்குள் போகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வலித்தால், கண் சிவந்தால், டாக்டரிடம் ‘நான் மழைத் தண்ணீரில் நடந்தேன்’ என்று சொல்லுங்கள். அவருக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய உதவி. ரப்பர் செருப்பு இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள்.

தரையில் படுப்பவர்கள் கவனத்துக்கு

வெள்ளம் வந்தால் பாம்புக்கும் வீடு போய்விடுகிறது. அது மேடான, உலர்ந்த இடத்தைத் தேடும், நாமும் அங்கேதான் படுத்திருப்போம். நல்ல பாம்பு, கண்ணாடிவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுவிரியன் அப்படி இல்லை. ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல நேரம் வலிக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார், கண் இமை தொங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு நிற்கும். தரையில் படுத்த ஒருவர் காலையில் இப்படி எழுந்தால் வாயுத்தொல்லை என்று நினைத்துச் சோடா கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

கட்டில், பெஞ்சு, பள்ளிக்கூட டெஸ்க் எது கிடைத்தாலும் அதன் மேல் படுங்கள். தரைதான் என்றால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். கொசுவையும் தடுக்கும், பாம்பையும் தடுக்கும். கொசுவலையைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னதற்கு இதுதான் பெரிய காரணம். சாப்பாட்டுச் சிதறல் எலியை வரவழைக்கும், எலி பாம்பை வரவழைக்கும். படுக்கும் இடத்தில் சாப்பிடாதீர்கள். ராத்திரி வெளியே போனால் டார்ச் அடித்துப் பார்த்து நடங்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, மந்திரிக்கக் கூட்டிப் போவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கை காலை ஒரு கம்போடு சேர்த்துத் துணியால் இறுக்காமல் கட்டி ஆட்டாமல் வைத்து, அவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. இங்கே ஆளைக் கொல்லும் முக்கியமான நாலு வகைக்கும் ஒரே மருந்துதான், அரசு மருத்துவமனையில் இலவசம்.

நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றைக்கே தடுப்பூசி போடுங்கள். அடுத்த ஊசிகளுக்குச் சொன்ன நாளில் தவறாமல் போக வேண்டும். நாய்க்குட்டி பிறாண்டியதும் கடிக்குச் சமம்தான்.

பெண்கள், பிள்ளைகள்

கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு வேண்டும், உள்தாழ்ப்பாள் வேண்டும். முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ராத்திரி இரண்டு பேராகப் போங்கள். இருட்டுக்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், அதில்தான் நீர்க்கடுப்பு வருகிறது. மாதவிலக்குத் துணியை வெட்கப்பட்டுத் துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால் அரிப்பும் புண்ணும் வரும். வெயில் படும்படி காய வேண்டும். நாப்கின் வேண்டும் என்று செவிலியரிடம் கேட்டால் தருவார்கள்.

பிள்ளைகளை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பக்கத்து அரசுப் பள்ளிக்கு அனுப்புங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் இந்த மதுரையில்தான் தொடங்கியது. தொடக்கப் பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு கிடைக்கும். பகல் முழுக்கப் பத்திரமான இடத்தில் இருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

‘பொண்ணை மில்லுக்கு அனுப்புங்க, தங்க இடம், சாப்பாடு, மூணு வருசத்துல மொத்தமா பணம்’ என்று புரோக்கர்கள் இந்தச் சமயம் பார்த்து வருவார்கள். செங்கல் சூளைக்கு முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கூப்பிடுகிறவர்களும் வருவார்கள். முன்பணத்தைக் காட்டி வேலையை விட்டுப் போகவிடாமல் வைத்திருப்பது 1976 சட்டப்படி கொத்தடிமை முறை, குற்றம். மீட்டர் வட்டிக்காரரிடம் ஏடிஎம் அட்டையையும் ரேஷன் அட்டையையும் அடகு வைக்காதீர்கள். அட்டை போனால் அரிசியும் போகும், நிவாரணமும் போகும்.

ராத்திரி தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாகலாம் போலிருக்கிறது என்றால் 14416 எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. வீட்டு ஆண்கள் டாஸ்மாக்கில் போய் நின்றால் அதற்கும் இதே எண்ணில் உதவி கேட்கலாம். பெரியவர்களைச் சும்மா உட்கார வைக்காமல், தண்ணீர் காய்ச்சுவதையோ பிள்ளைகளைப் பார்ப்பதையோ அவர்கள் பொறுப்பில் விட்டால் மனசு கொஞ்சம் தெளியும்.

திரும்பிப் போகும்போது

பகலில் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம். சுவர் ஈரமாக இருக்கும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போடுங்கள். மெயினே தண்ணீரில் நனைந்திருந்தால் அதையும் தொடாமல் மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். கேஸ் நாற்றம் அடித்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். பாய், மூட்டை, அலமாரி அடியை ஒரு நீளக் கம்பால் தட்டிவிட்டுத்தான் கையை விட வேண்டும். தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவிச் சேற்றை எடுத்த பிறகு பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட்டைச் சேர்த்துக் கலக்கினால் விஷவாயு வரும், இரண்டையும் சேர்க்கவே கூடாது. வெள்ளம் தொட்ட அரிசி, மாவு, மாத்திரை எல்லாவற்றையும் மனசில்லாமல் என்றாலும் கொட்டிவிட வேண்டும். கிணறும் தொட்டியும் குளோரின் போடும்வரை குடிக்க ஆகாது. மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ கேட்டால் வந்து போடுவார்கள்.

கழுவுவதற்கு முன் இடிந்த சுவர், தண்ணீர் நின்ற தடம், கெட்டுப்போன சாமான் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், பிறகு வட்டாட்சியரிடம் போங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். போட்டோ நகலையும் ரேஷன் அட்டை நகலையும் மனுவோடு வையுங்கள், ரசீது எண்ணை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.